ஒத்துப்போகாத கையெழுத்து

"வர்ற திங்கட்கிழமையிலேர்ந்து இந்த லேப்ல பேனாவால யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. எல்லாமே டிஜிட்டல் கையெழுத்துதான்."

வந்து ரெண்டு மாசம்கூட ஆகாத புது மேனேஜர், மீட்டிங்கில் இப்படிச் சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் பரிசோதனை செய்யும் லேப் அது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தண்ணீர் பாட்டில் கம்பெனி என்று தினமும் சாம்பிள் வந்து குவியும். எந்த ரிப்போர்ட்டாக இருந்தாலும் சீஃப் கெமிஸ்ட் கையெழுத்து விழுந்தால்தான் வெளியே போகும். இருபத்தாறு வருஷ சர்வீஸ். லேப் முழுக்க அவருக்கு 'அக்கா'தான் பெயர்.

"அநியாயத்தைப் பார்த்தீங்களாக்கா? நேத்து வந்தவர் உங்க கையெழுத்தையே வேணாங்கறாரு!" என்று ஆரம்பித்தாள் டெக்னீஷியன் பெண். பேச்சு சுருக்கென்று குத்தும் என்பதால் அவளுக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர்.

அக்கா அடுத்த ரிப்போர்ட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் ஆளுக்கொரு டோக்கன் வந்தது. பார்க்க பென் டிரைவ் மாதிரி. கம்ப்யூட்டரில் செருகி, ரகசிய நம்பரை அடித்தால் கையெழுத்து விழுந்துவிடும். அக்காவுக்கு மட்டுமில்லை, ஸ்டோர் கீப்பர், வண்டி ஓட்டும் டிரைவர் வரை எல்லோருக்கும்.

"நம்பரைத் தட்டினா கையெழுத்தா சார்? அதுக்கப்புறம் உள்ளே யார் வேணா மாத்திடலாமே?" என்றாள் ஊசி.

மேனேஜர் அசரவில்லை. தான் கையெழுத்திட்ட ரிப்போர்ட் ஒன்றை அவளுக்கே அனுப்பினார். "மாத்துங்க, பார்ப்போம்."

ஊசி ஒரே ஒரு தசமப் புள்ளியைத் தள்ளிவைத்து சேவ் செய்தாள். மறுபடி திறந்ததும் சிவப்பு எழுத்தில் வந்து நின்றது: 'கையெழுத்திட்ட பிறகு இந்த ஆவணம் மாற்றப்பட்டுள்ளது.'

"பேப்பர்ல ஒண்ணை ஏழாக்கினா கண்டுபிடிக்கறது கஷ்டம். இது உடனே காட்டிக்கொடுத்துடும்," என்றார் மேனேஜர்.

விஷயம் ஊசிக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆளைத்தான் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, சுத்தமாகவே பிடிக்காமல் போனது.

பாட்டில் கம்பெனியிலிருந்து போன் மேல் போன். ரிப்போர்ட் வந்தால்தான் லாரி கிளம்புமாம். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு நம்பராகத் தேடித் தேடி அழுத்தினார். தப்பு. மறுபடியும் முதலிலிருந்து.

"நம்பரைச் சொல்லுங்கக்கா, நான் அடிச்சுடறேன்," என்று ஊசி குனிந்தாள்.

"யாரும் தொடாதீங்க!" பின்னாலிருந்து மேனேஜர் குரல். "மேடம் நம்பர் மேடத்துக்கு மட்டும்தான் தெரியணும். அவங்களேதான் அடிக்கணும்."

"லாரி நிக்குது சார்!"

"நிக்கட்டும்."

எட்டு நிமிஷம். மொத்த லேப்பும் வேடிக்கை பார்க்க, ஒருவழியாகக் கையெழுத்து விழுந்தது. அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் தன் அறைக்குப் போனார்.

ஊசி பின்னாலேயே போனாள்.

"வயசுல மூத்தவங்களை இப்படி எல்லார் முன்னாடியும் திணற விடறதுக்குத்தானா சார் இந்த டோக்கன்?"

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

"டிரைவர் டிரிப் ஷீட்டுக்குக்கூட டிஜிட்டல் கையெழுத்தா? கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"எனக்கு டிஜிட்டல்னா ஒரு கிறுக்கு. அப்படியே வெச்சுக்கங்க."

அதோடு பொறுமை போய்விட்டது. மத்தியானம் சாப்பாட்டைக்கூடத் தொடாமல், தலைமை ஆபீசுக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினாள் ஊசி. நேரே அக்காவின் அறைக்குக் கொண்டுபோனாள்.

"முதல் கையெழுத்து நீங்க போடுங்கக்கா. பேனாவாலேயே போடுங்க. மத்தவங்ககிட்ட நான் வாங்கிக்கறேன்."

அக்கா படித்துப் பார்த்தார். "என்னால முடியாதும்மா."

"அவருக்குப் போய் பயப்படறீங்களா?"

"பயமில்லை. முடியாதுன்னு சொல்றேன்."

அக்கா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து பேனாவை எடுத்தார். முனை தாளில் பட்டதும் வலது கை வெடவெடவென்று ஆடியது. பெயர் விழ வேண்டிய இடத்தில் கோழி கிளறிய மாதிரி நாலு கோடுகள்.

ஊசி அந்தக் கோடுகளையும் அக்காவின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆறு மாசமா இப்படித்தான். நரம்புக் கோளாறு. கண்ணு நல்லாயிருக்கு, மூளை நல்லாயிருக்கு, இந்தக் கை மட்டும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. கையெழுத்து ஒத்துப்போகலைன்னு ரெண்டு ரிப்போர்ட் திரும்பி வந்துச்சு. மேனேஜர்தான் யாருக்கும் தெரியாம சமாளிச்சாரு."

"அப்போ டிரைவர் வரைக்கும் டோக்கன் குடுத்தது..."

"எனக்கு மட்டும் குடுத்திருந்தா, ஏன் எதுக்குன்னு நீயே முதல்ல கேட்டிருப்பே."

"காலையில என்னையாவது அடிக்க விட்டிருக்கலாமேக்கா!"

"நீ அடிச்சா அது என் கையெழுத்தா ஆகுமா?"

ஊசி கடிதத்தை மெதுவாக மடித்தாள். "இதையெல்லாம் அவராவா கவனிச்சாரு?"

"இல்லை. மூணாவது ரிப்போர்ட்டும் திரும்பி வர்றதுக்குள்ள நானே போயிடலாம்னு, ராஜினாமா எழுதிக்கிட்டுப் போய் அவர்கிட்ட நீட்டினேன்."

"ஐயோ! என்ன சொன்னாரு?"

அக்கா சிரித்தார்.

"ஃபைல்ல இருந்த என் பழைய கையெழுத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பார்த்தாரு. 'ரெண்டும் ஒத்துப்போகலையே மேடம், இதை நான் எப்படி ஏத்துக்க முடியும்?'னு ராஜினாமாவை என் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டாரு!"