ஏரிக்கரை லாரி

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அப்பா, ஏரியில மீனெல்லாம் ஏன் சாகுதுன்னு கண்டுபிடிச்சிட்டோம்! ஒரு டேங்கர் லாரி வந்து கழிவைக் கொட்டிட்டுப் போகுதாம். இன்னிக்கு எங்க துப்பறியும் படை ஒளிஞ்சிருந்து போட்டோ எடுக்கப்போகுது."

"திருட்டுத்தனமா கொட்டுறவன் உங்களைப் பார்த்தா சும்மா விடுவானா?" என்று அம்மா அதட்டினாள். "நீங்களாவது சொல்லுங்க."

சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு அப்பா உட்கார்ந்தார்.

"போகட்டும், விடு. பம்ப் ரூமுக்குப் பின்னால நில்லும்மா. அங்கேருந்து நம்பர் பிளேட் நல்லாத் தெரியும்."

"சூப்பர்ப்பா!"

பொழுது சாயும் நேரத்தில் படை அங்கே காத்திருந்தது. லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் குழாயை ஏரிக்குள் இழுத்துப் போட்டார். செல்போனை உயர்த்திய மகளின் கை அப்படியே நின்றது.

"அப்பா..."

அவர் திரும்பினார். முகத்தை மறைக்கவில்லை. வால்வையும் திறக்கவில்லை.

"இனிமே முடியாதுன்னு முதலாளிகிட்ட சொல்ல தினமும் நினைப்பேன். வாய் வராது" என்றார். "நீயாவது எடும்மா. வெளிச்சம் போறதுக்குள்ள எடு."