கல் நிற்க வேண்டிய இடம்

தாடிக்காரரின் முதல் குத்திலேயே நினைவுக்கல் கமிட்டிக்காரர் விட்கோம்பின் மூக்கு உடைந்து, கையிலிருந்த வரைபடத்தில் ரத்தம் சொட்டியது. இரண்டாவது குத்துக்குள் நான்கு கிழவர்கள் பாய்ந்து இழுத்தார்கள். நாலு பேருக்குமாகச் சேர்த்து ஐந்து கால்கள்தான் என்பதால் எல்லோரும் ஒன்றாக விழுந்தார்கள்.

“இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம், ஓடைல பதுங்கிக் கிடந்தானுங்கன்னு!” என்று அடியில் கிடந்தபடியே கத்தினார் தாடிக்காரர்.

“யாருய்யா இந்த ஆளு?”

“நம்ம படைல சி கம்பெனி ஆளாத்தான் இருக்கும். அவனுங்களுக்குத்தான் இப்படிக் கை நீளம்” என்றார் கிழவர்களில் ஒருவரான சார்ஜென்ட் டட்டில், பெருமையாக.

நாற்பது வருஷத்துக்கு முன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்தப் பென்சில்வேனியா வயலில் செத்த தொண்டர் படைக்கான கருங்கல் தூண், மாட்டு வண்டியில் கிடந்தது. படை எதுவரை முன்னேறியதோ அங்கேதான் கல்லை நடலாம் என்பது கமிட்டி விதி. ஓடையோடு சரி என்றார் விட்கோம்ப். எண்பது கஜம் மேலே, எதிரி நின்று சுட்ட கற்சுவர் வரை போனோம் என்றார்கள் கிழவர்கள்.

“சாட்சி?” விட்கோம்ப் மூக்கைப் பொத்திக்கொண்டார். “சுவரைத் தொட்டதைப் பார்த்தவன் ஒருத்தன் வரட்டும், நடுறேன்.”

சுவர் வரை போனவன் எவனும் திரும்பவில்லை. திரும்பியவர்கள் எல்லாம் ஓடையிலேயே அடிபட்டு விழுந்தவர்கள்.

“கொடி பிடிச்ச லெமுவலுக்குப் பின்னாலதான் ஓடினேன். முழங்கால் சிதறுற வரைக்கும் அவன் முதுகைப் பார்த்தேன். அப்புறம் ஒரு தவளையைப் பார்த்தேன்” என்றார் டட்டில்.

வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள் லெமுவலின் தங்கை ஹெஸ்டர். கல் ஓடையில் நின்றால், அவள் அண்ணன் ஓடும்போது முதுகில் குண்டு வாங்கினான் என்ற ஊர்ப்பேச்சும் கல்லாகிவிடும்.

தாடிக்காரர் எழுந்து மண்ணைத் தட்டினார்.

“நான் பார்த்தேன். அந்தக் கொடிக்காரப் பையன் சுவத்து மேலயே ஏறினான். மூஞ்சி பூரா வெடிமருந்துக் கரி. மேல் பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சிருந்துச்சு.”

“ஏர்க்கால் இடிச்சு உடைஞ்சது” என்று முனகினாள் ஹெஸ்டர். “ஏழு வயசுல.”

“நெஞ்சுல முதல் குண்டு. நிக்கல. வயித்துல ரெண்டாவது. குடல் சரிஞ்சுச்சு, ஒரு கையால அதைப் பிடிச்சான், இன்னொரு கைல கொடி. மூணாவது தொண்டையைப் பிய்ச்சுட்டுப் போச்சு. அப்பவும் பின்னால சாயலை. முன்னாலதான் விழுந்தான்.”

விட்கோம்ப் ரத்தக்கறை படிந்த வரைபடத்தை மடித்தார்.

“வண்டியைச் சுவருக்கு ஓட்டுங்க” என்றார்.

கிழவர்கள் ஐந்து கால்களாலும் குதித்தார்கள். ஹெஸ்டர் ஓடிவந்து தாடிக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

“கடைசி நேரத்துல அவன் பக்கத்துல நீங்களாவது இருந்தீங்களே, அண்ணே!”

அவர் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“பக்கத்துல இல்லம்மா, எதிர்ல. அந்த மூணாவது குண்டு என்னோடது.”