வாழைக்குருத்துப் பச்சை

கோபித்துக்கொண்டு வந்த பிறகு கணவனிடமிருந்து வந்த முதல் செய்தி அது.

"இது பச்சைதான?"

கூடவே ஒரு இணைப்பு.

படுத்தபடியே திறந்தாள். அண்ணன் வீட்டுக் கட்டில். எழுந்து உட்காரவும் அலுப்பாக இருந்தது.

தேங்காய் எண்ணெய் ஏற்றுமதிக்காரர் ஒருவருக்காக அவன் கட்டிக்கொண்டிருந்த இணையதளம். வெளிநாட்டுக்காரர்கள் பிட்காயினில் பணம் கட்ட ஒரு பட்டன். ஒரு மாதமாக அந்த ஒரே பட்டன்தான். பெரிதாக்குங்கள். வேண்டாம், பழையபடியே இருக்கட்டும். ஓரத்தை வளையுங்கள். காசுப் படத்தை இடப்பக்கம் தள்ளுங்கள். கடைசியாக, வாழைக்குருத்துப் பச்சையில் வேண்டும் என்றார்.

பட்டன் செங்கல் நிறத்தில் இருந்தது.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. கல்யாணமான நாளிலிருந்து அவன் கட்டிய தளங்களுக்கெல்லாம் நிறம் பார்த்துச் சொன்னது அவள்தான்.

"கலர் பாத்துச் சொல்றதெல்லாம் ஒரு வேலையா?"

போன வாரம் அவன் கேட்டது. அன்று மாலையே பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது மட்டும் எதற்காம்?

பதில் எழுதத் தொடங்கினாள். இது பச்சை இல்லை, செங்கல். வாழைக்குருத்துக்கு எண் இது.

கணினியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் உண்டு. அதை அடித்தால் போதும். கண்ணே வேண்டாம்.

விரல் நின்றது.

அந்த எண் அவனுக்குத் தெரியுமே.

அவள் சொல்லச் சொல்ல நிறங்களை எண்களாகவே மனப்பாடம் செய்துகொண்டவன். மாந்தளிர், மயில்கழுத்து, வாழைக்குருத்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாமல் சொல்வான்.

செங்கல்லின் எண்ணும் தெரியும்.

எழுதியதையெல்லாம் அழித்தாள். போனை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சுற்றும் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு எழுதினாள்.

"போன்ல சரியாத் தெரியலைங்க. நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியும்."

அனுப்பிவிட்டு, பழக்கதோஷத்தில் பக்கத்தை இன்னொரு முறை திறந்தாள்.

பட்டன் பச்சையாகியிருந்தது.

அச்சு அசல் வாழைக்குருத்து. ஒரு இம்மிகூடப் பிசகவில்லை.

அனுப்பியதை அவள் அழிக்கவில்லை.

அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"ஏம்மா தாரணி, மத்தியானத்துக்கு உனக்கும் சேத்துத்தான அரிசி போடறது? இல்ல, உங்கண்ணனாட்டம் போனப் பாத்தே வயிறு நெறஞ்சிருச்சா?"

இன்னும் பிரிக்காத பையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள்.

"எனக்கு வேண்டாங்க அண்ணி."