கறுப்புக் கரை போட்ட கவர்

"அப்பாவைப் புதைச்சு பத்து நாள் ஆகல. அதுக்குள்ள அவர் பேர்ல பொய்க் கடிதம் எழுதுறியே, உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள் வியாகுலம்மாள்.

பேட்ரிசியா பேனாவை நிறுத்தவில்லை. "திருவேங்கடம் சாருக்கு ஹார்ட் வீக்கும்மா. சொன்னா தாங்க மாட்டார்."

பேட்ரிசியாவின் அப்பா மேலப்புதூர் அடைக்கலராஜும் ஸ்ரீரங்கத்துத் திருவேங்கடமும் இங்கிலீஷ் வாத்தியார்களாக இருந்து ரிட்டயர் ஆனவர்கள். விக்டோரியா ராணி காலத்து நாவலாசிரியர்கள் இரண்டு பேர் முகமே பார்க்காமல் கடிதத்திலேயே சிநேகிதம் வளர்த்த கதையை எங்கேயோ படித்துவிட்டு, இவர்களுக்கும் அந்தப் பித்து பிடித்துக்கொண்டது. நாற்பத்தேழிலிருந்து பதினோரு வருஷமாக வாரம் ஒரு கடிதம். நடுவில் இருப்பது காவிரி ஒன்றுதான். ஆனாலும் சந்திப்பதில்லை என்று சத்தியம்!

சாவுச் சேதி சொல்லவும் அந்தக் காலத்து வெள்ளைக்காரர் முறைதான். நாலு ஓரமும் கறுப்பு மை தீட்டிய கவரில் நண்பரின் விலாசத்தைத் தன் கையாலேயே எழுதி, "நான் போனதும் தபால்ல போடு" என்று சொல்லி வைத்திருந்தார் அடைக்கலராஜ்.

பேட்ரிசியாவுக்குத்தான் போட மனம் வரவில்லை. கைநடுக்கம் வந்ததிலிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் அவள்தான். கையெழுத்து மாறப்போவதில்லை, பிறகென்ன?

பதில் வந்தது.

'உமது கடிதத்தில் வழக்கமான மூக்குப்பொடி வாசம் இல்லையே, ஓய்?'

பேட்ரிசியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த கடிதத்தில் அப்பாவின் டப்பியிலிருந்து ஒரு சிட்டிகை தூவி அனுப்பினாள்.

'பொடி வந்தது, ஆள் வரவில்லை. நேற்றுக் கனவில் எங்கள் வாசலில் நின்றீர். முகம் தெரியவில்லை. கூப்பிட்டேன், வாயே திறக்கவில்லை.'

"மாதாவே!" வியாகுலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். "அவர் ஆவி அங்கே போய் நிக்குதுடி."

மூன்றாவது கடிதத்தை பேட்ரிசியா அம்மாவுக்குத் தெரியாமல் பிரித்தாள்.

'நீர் ரொம்பத் தூரத்திலிருந்து எழுதுவதுபோல் இருக்கிறது. உண்மையைச் சொல்லும்.'

அதற்குமேல் பொய் எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கறுப்புக் கவரை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். சொன்னதும் அந்த மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால்? வழியெல்லாம் ஜெபமாலையை உருட்டியபடியே போனாள்.

கீழச்சித்திரை வீதியில் கதவைத் திறந்தது திருவேங்கடத்தின் மனைவி கமலவல்லி. வீட்டுக்குள் ஒரு சத்தமில்லை.

"சார் இருக்காரா மாமி? நான் மேலப்புதூர் அடைக்கலராஜ் பொண்ணு."

மாமியின் பார்வை அவள் கையிலிருந்த கவரில் நின்றது. உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையிலும் ஒரு கவர் இருந்தது. அதே கறுப்புக் கரை. மேலே கோணல்மாணலாக அடைக்கலராஜின் விலாசம்.

பேட்ரிசியாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஐப்பசியிலேயே பரமபதிச்சுட்டார்" என்றாள் மாமி. "கண் மங்கினதிலேர்ந்து அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதிண்டிருந்தேன். உங்கப்பாவுக்கும் ஹார்ட்டாச்சே, இதைப் போட மனசு வரலை. நானே எழுதிண்டே இருந்துட்டேன். பொடி வாசம் நின்னதும்தான் சந்தேகம் தட்டித்து."

பேட்ரிசியாவுக்குக் கணக்கு இடித்தது. அப்பா போனது பொங்கலுக்கு மறுநாள்.

"பொங்கலன்னைக்கு வந்த லெட்டரைப் படிச்சுட்டு, 'திருவேங்கடம் இருக்கிற வரைக்கும் எனக்கு என்ன குறை'ன்னு அப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரே மாமி... அதை எழுதினது?"

கமலவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிச்சாராம்மா?" என்று மட்டும் கேட்டாள்.