கோணித் தையல்

தோலுக்கடியில் நூலோட்டி, தழும்பே தெரியாமல் தைப்பதில் அந்த டாக்டருக்குப் பெரிய பேர். போன வாரம் கன்னத்தில் மச்சம் எடுத்துக்கொண்ட பெண் வந்திருந்தாள். கட்டைப் பிரித்தார். சாக்கு மூட்டையின் வாயைத் தைத்ததுபோலத் தடித்த நூல் கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தது.

"இதை யார் போட்டது?"

"நீங்கதானே போட்டீங்க டாக்டர்? கண்ணாடி குடுங்க, பாக்கணும்."

நர்ஸ் கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவள் டாக்டரின் கொழுந்தியாள். அவர் காதருகே குனிந்தாள்.

"இது பிணவறையில அக்காவை அறுத்துட்டுப் போட்ட அதே தையல், மாமா. நீங்களே தைச்சு அனுப்புங்கன்னு கெஞ்சினேன். செத்தவளுக்கு எதுக்கு அழகுன்னீங்க."

வெளியே பெஞ்சில், அவர் தைத்த முகங்கள் கட்டோடு வரிசையாகக் காத்திருந்தன.