முகம் பார்க்கும் கதவு

லேத் பட்டறை சுயம்புவும் பியூலாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் குழந்தை ஷைனிக்கு அப்பா என்று பதிவு அலுவலகத்தில் கைரேகை வைத்தவன் அவன்தான். ஆறு வருடமாகச் சம்பளத்தில் ஜீவனாம்சம் பிடித்தார்கள். பிடித்தம் உள்ளவரைதான் குழந்தையைப் பார்க்கும் உரிமை; ஞாயிறுதோறும் பியூலா வீட்டுக் கேமராக் கதவு அவன் முகத்தைப் பார்த்துத் திறக்கும். முகத்தில் பட்டறைக் கரி இருந்தால் மட்டும் அடம்பிடிக்கும்.

பள்ளியில் சேர்க்க ஷைனியின் எச்சிலையும் அவனுடையதையும் மரபணுச் சோதனை செய்தார்கள். அப்பா வேறு ஆள் என்று வந்தது.

"பிடிச்சதெல்லாம் திரும்ப வந்துரும் சார். இனி உங்களுக்குத் தொந்தரவே இல்ல," என்றாள் பதிவு அலுவலகப் பெண்.

"பணம் வேண்டாம்மா. பிடிச்சுக்கிட்டே இருங்க."

"அப்பான்னு பதிவு இல்லாம பிடிக்க முடியாது சார்."

அந்த ஞாயிறும் போய் நின்றான். கதவு அசையவில்லை.

உள்ளேயிருந்து ஷைனி கத்தினாள்: "மூஞ்சியக் கழுவிட்டு வாப்பா!"

"சரிம்மா" என்று, ஏற்கெனவே கழுவியிருந்த முகத்தோடு தெருக்குழாய்க்கு நடந்தான்.