எந்தப் பக்கம் பார்க்கிறது

ஏணியில் நின்றவர் பழைய கேமராவைக் கழற்றினார்.

அவள் சேலை மடிப்பதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள்.

டார்ச் லைட் போல நீளமாக இருக்கும் அது. புல்லட் என்று பேர். மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பார்க்கும். இந்த மாடியில் அது படிக்கட்டைப் பார்த்தபடி இருந்தது. பாவாடை அடுக்குக்குப் பின்னால் கொஞ்சம் இடம் அதன் கண்ணில் படாது.

அங்கேதான் அவள் உட்காருவாள்.

ஜவுளிக்கடையில் உட்காரக் கூடாது. கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். உட்கார்ந்ததைக் கீழே கேமரா டிவியில் பார்த்துவிட்டால் அண்ணாச்சி கவுண்டருக்குப் போன் அடிப்பார், இல்லையென்றால் மேலே வந்து எல்லோர் முன்னாலும் கத்துவார். அவர்தான் சூப்பர்வைசர்.

அவளுக்கு ஐந்தாம் மாதம்.

கடையில் யாருக்கும் தெரியாது. முந்தானையை அகலமாக விரித்துப் பின் குத்தியிருந்தாள்.

போன வருஷம் இதே மாடியில் வேலை பார்த்த இசக்கியம்மாளை, "பெத்துட்டு வா" என்று அனுப்பினார்கள். பெற்றாள். வந்தாள்.

இசக்கியம்மாள் இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

ஏணிக்காரர் புதியதைப் பொருத்தினார். கவிழ்த்து வைத்த கறுப்புக் கண்ணாடிக் கிண்ணம்.

பக்கத்து கவுண்டர் முத்துப்பேச்சி கேட்டாள்.

"இது என்னது அண்ணே, சட்டியக் கவுத்த மாரி?"

"டோம்."

"எந்தப் பக்கம் பாக்கும்?"

"அது வெளிய தெரியாதும்மா. தெரியக் கூடாதுன்னுதான இத வாங்குறாங்க."

"சுத்துமா?"

"சுத்துறதும் இருக்கு, சுத்தாததும் இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லாத டம்மியும் இருக்கு. வெளிய பாத்தா எல்லாம் ஒண்ணுதான்."

"இது எந்த வகை?"

அவர் படிக்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஏணியை மடக்கிக்கொண்டு இறங்கினார்.

அவள் மதியம்வரை நின்றாள்.

பாதம் செருப்பை விட்டுப் பிதுங்கியது. சுவரில் சாய்ந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அதில் கடை முழுக்கச் சின்னதாகத் தெரிந்தது. அவளும் தெரிந்தாள்.

முத்துப்பேச்சிக்குப் பொறுக்கவில்லை. நடுவில், எல்லோரும் பார்க்க, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலை வேறு ஆட்டினாள்.

யாரும் வரவில்லை.

போன் அடிக்கவில்லை.

"ஏட்டி, டம்மிதான். உள்ள ஒரு மண்ணும் கெடையாது. நீ போயி உக்காரு. மூஞ்சியப் பாரு, பேயடிச்ச மாரி."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து எழுந்தார்கள். அண்ணாச்சி வரவேயில்லை.

பாவாடை அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள்.

அப்போதுதான் அது நடந்தது.

உள்ளே ஏதோ புரண்டது. மீன் திரும்பியது போல. முதல் தடவை.

பின்னைக் கழற்றினாள். முந்தானையை ஒதுக்கி வயிற்றில் கையை வைத்தாள். இன்னொரு தடவை வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து வயிற்றிடம் என்னவோ சொன்னாள்.

பிறகு பின்னைக் குத்திக்கொண்டு எழுந்தாள்.

வேலை முடிந்தது. பின்வாசலில் வரிசை. பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போக முடியும்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முத்துப்பேச்சியின் பையைக் கிளறினார். ஸ்டூலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகச் சொன்னார்.

முத்துப்பேச்சி திரும்பி அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அடுத்தது அவள்.

பையைத் திறந்து நீட்டினாள்.

அவர் பைக்குள் பார்க்கவில்லை, பின் குத்திய முந்தானையைப் பார்த்தார். எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உக்காரு தாயி."

இந்தக் கடையில் யாரும் அவளிடம் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.